காய்ந்த குழாய்

அத்தியாயம் 11

ஆணியில் சாவி இல்லை.

சசிரேகா முகம் கழுவிவிட்டு வந்து, ஒரு கையில் துண்டைப் பிடித்தபடி இன்னொரு கையை வாசல் கதவோரம் நீட்டினாள். பத்து வருடமாக அந்தக் கை, கண்ணின் உதவி இல்லாமலே அந்த ஆணிக்குப் போய்ப் பழகியது. இன்று வெறும் ஆணிதான் விரலில் பட்டது. அப்புறம்தான் நேற்று ராத்திரி நடந்தது நினைவுக்கு வந்தது.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது அண்ணன் பாண்டியராஜ், ரசத்துக்குக் கையைக் குவித்துக்கொண்டே சொன்னான்: "நாளைக்கு ஹோட்டல் வேலைய ஜீவிதா பாக்கட்டும். சசி, நீ கூட இருந்துக்க."

சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினான். ஜீவிதா அவன் மனைவி. கல்யாணமாகி இன்னும் வருடம் திரும்பவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா பாலாமணி, "நல்லதாப் போச்சு, படிச்ச புள்ள" என்று சாதம் போட்டாள். வேன் சாவி அப்போதே ஜீவிதாவின் கைக்குப் போய்விட்டது. சசிரேகாவின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்த வாரம் நான் சொல்லப்போவதில் பாதி நடந்திருக்காது.

அப்பா போன பிறகு அண்ணனும் தங்கையும் சேர்ந்து தூக்கி நிறுத்திய தொழில் அது. ஹோட்டல், மண்டபம், ஆஸ்பத்திரி என்று எங்கெல்லாம் கார்கள் நிற்குமோ அங்கெல்லாம் தார் பெயரும். மழையும் சரிவும் சேர்ந்து இந்த மலையில் எந்தத் தரையையும் சும்மா விடுவதில்லை. பெயர்ந்த இடத்தை வெட்டி, துடைத்து, கலவை போட்டு இடித்து ஒட்டுப்போட்டுக் கொடுப்பார்கள். ஆள் பிடிப்பதும் பேரம் பேசுவதும் அண்ணன். இடத்தில் நின்று வேலை வாங்குவது தங்கை. குன்னூரில் பாதி வாட்ச்மேன்களுக்கு அவள் பெயர் சசிரேகா என்றே தெரியாது. 'குழியக்கா' என்றால் தெரியும்.

அந்தப் பெயரைக் கேட்டால் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். சசிரேகாவுக்கு உள்ளூரப் பெருமை. வந்த வரன்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, முப்பத்தி நாலு வயதில் அண்ணன் வீட்டில் இருப்பவளுக்கு, இந்த வீட்டில் தன் இடம் எது என்று சொல்லிக்கொள்ள இருந்தவை அந்தப் பெயரும் அந்தச் சாவியும்தான். அதில் ஒன்று போய்விட்டது.

சமையலறையில் அம்மா இரண்டு டப்பாக்களில் தக்காளி சாதம் அடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றின் மேல் மட்டும் அவித்த முட்டை ஒன்று உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணுதான் இருந்துச்சு கண்ணு," என்றாள் மகளைப் பார்த்ததும். "அந்தப் புள்ள மொத நாளு பொறுப்பெடுத்துப் போகுது. அதான் அதுக்கு வெச்சேன்."

"நான் கேட்டனா இப்ப?"

"நீ கேக்கல. உம்மூஞ்சி கேக்குது."

பதில் சொல்வதற்குள் ஜீவிதா வந்துவிட்டாள். அண்ணன் புதிதாக வாங்கிக் கொடுத்த ஆரஞ்சு நிற மேலங்கி, தலைமுடியை இறுக்கிய கொண்டை, கையில் சாவி. சசிரேகாவின் மேலங்கியும் ஒரு காலத்தில் ஆரஞ்சுதான். துவைத்துத் துவைத்து, பார்ப்பவர்கள் சந்தன நிறம் என்று நினைக்கும்படி ஆகிவிட்டது.

"போலாமுங்களா அக்கா?"

அந்த 'ங்க'வில் குறை இல்லை. அந்தச் சிரிப்பிலும் இல்லை. ஜீவிதா சசிரேகாவைவிட ஐந்து வயது சின்னவள். ஆனாலும் அண்ணன் மனைவி என்பதால் இவள்தான் அவளை 'அண்ணி' என்று கூப்பிட்டாக வேண்டும். கல்யாணத்தன்று விளையாட்டாக இருந்த அந்த வார்த்தை, இப்போதெல்லாம் மீன் முள் மாதிரி தொண்டையில் நின்று நின்று வெளியே வந்தது.

"போலாம் அண்ணி."

வாசலில் பாண்டியராஜ் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். "குந்தாவுல ஒரு எடம் பாக்கோணும். பொழுதோட நேரா ஹோட்டலுக்கே வந்தர்றேன். ஏன் சசி, அது உனக்குத் தெரிஞ்ச எடம். பாத்துக்க."

"பாத்துக்கறதுக்குத்தான் ஆள் போட்டாச்சே," என்று சசிரேகா சொன்னது பைக் சத்தத்தில் அமுங்கிப்போனது.

அருவங்காட்டிலிருந்து குன்னூருக்கு இறங்கும்வரை அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றே ஒன்றை எதிர்பார்த்தாள். ஹோட்டலுக்குப் பிரியும் தனிப்பாதை செங்குத்தான ஏற்றம். பின்னால் கலவை மூட்டைகளும் இடிக்கும் மெஷினும் வேலையாட்களும் இருக்கும்போது, மேட்டுப்பாளையத்துச் சமதரையில் ஓட்டிப் பழகியவளுக்கு வண்டி அங்கே நின்றுபோக வேண்டும். நின்றால், "தள்ளுங்க அண்ணி, நான் எடுக்கறேன்" என்று சொல்ல வேண்டும். அதை எந்தக் குரலில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

வண்டி நிற்கவில்லை. ஜீவிதா ஏற்றத்துக்கு முன்பே கியரைக் குறைத்து, நல்ல பிள்ளையாக ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மேலே வாட்ச்மேன் சங்கிலிக்கு அந்தப் பக்கம் நின்று சல்யூட் அடித்தார். சசிரேகாவுக்கு அல்ல.

"வாங்க மேடம்! குழியக்கா, சித்த எறங்கி அந்தச் செயினக் கழட்டி விடு. மேடம் உள்ள வரட்டும்."

பத்து வருடம் உழைத்தவள் குழியக்கா. வந்த அன்றைக்கே இவள் மேடம். சசிரேகா இறங்கிச் சங்கிலியைக் கழற்றினாள். வேன் அவளைத் தாண்டி உள்ளே போயிற்று.

அந்தப் பார்க்கிங் மலையை வெட்டி எடுத்த இடம். மேல்பக்கம் தேயிலைச் சரிவு. கீழ்ப்பக்கம் ஆள் உயரத்துக்கு மேலான தடுப்புச் சுவர். சுவருக்குக் கீழே படியிறங்கினால் ஹோட்டலின் புல்வெளி. அன்று சாயங்காலம் அங்கே ஒரு நிச்சயதார்த்தம். கோயமுத்தூரிலிருந்து இரண்டு பஸ் நிறைய உறம்பரை, சொந்தபந்தமெல்லாம், வருவதாக மேனேஜர் பிராங்ளின் சொன்னார். சுவரையொட்டி நாற்காலிகள் போடத் தொடங்கியிருந்தார்கள்.

"பஸ் வர்றதுக்குள்ள முடிச்சுடணும்மா," என்றார் அவர். "இது நல்லபடியா நின்னுதுன்னா, எங்க மூணு ஹோட்டல் பார்க்கிங்கும் வருஷம் பூரா உங்க பொறுப்புதான். ஓனர்கிட்ட பேசிட்டேன்."

அவர் இதை ஜீவிதாவைப் பார்த்துச் சொன்னார்.

வேலை தொடங்கியது. எங்கேயாவது பிசகுமா என்று சசிரேகா பக்கத்திலேயே நின்றாள். ஜீவிதா ஒவ்வொரு குழியைச் சுற்றியும் சாக்பீஸால் சதுரம் போட்டாள். கோட்டின்மேல் கட்டரை ஓட்டச் செய்து, உதிரி ஜல்லியை அள்ளி, ஊதும் மெஷினால் தூசி பறக்கவிட்டாள். குழிக்குள் கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். பசைத் தார் ஓரம் விடாமல் பூசப்பட்டது. கலவையை ஒரேயடியாகக் கொட்டாமல் பாதி போட்டு இடித்து, மீதி போட்டு இடித்தார்கள். தரையைவிட ஒரு விரல் உயரமாக விட்டு, கடைசியில் மெஷினை ஏற்றிச் சமமாக்கினாள்.

எல்லாமே சரி. சசிரேகா பொறுப்பில் இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பாள். அதுதான் அவளுக்கு எரிந்தது. தப்பாகச் செய்பவளைப் பார்த்தால் கோபப்பட்டுவிட்டுப் போய்விடலாம். சரியாகச் செய்பவளை என்ன செய்வது? இதற்குப் பொறாமை என்றுதான் பேர் என்று அவளுக்கே தெரிந்தது. வேறு கௌரவமான பேர் ஏதாவது பொருந்துமா என்று பார்த்தாள். பொருந்தவில்லை.

இருப்பதிலேயே பெரிய குழி, பஸ் திரும்பும் கீழ்மூலையில், தடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் இருந்தது. அதையும் வெட்டி நிரப்பி இடித்து முடித்தபோது, பிராங்ளின் மறுபடியும் வந்தார்.

"சுவரையும் கொஞ்சம் பாத்துடுங்க மேடம். கீழ இருந்து பாத்தா அசிங்கமா ஒரு ஓட்டை தெரியுது. எலி வேற அதுக்குள்ள இருந்து வருது. ஃபங்ஷன் அன்னிக்கு கெஸ்ட் பாத்தா நல்லா இருக்காது."

எல்லோரும் படியிறங்கிப் போனார்கள். சுவரில், முழங்கால் உயரத்தில், பாசி படிந்த ஒரு சிமெண்டுக் குழாயின் வாய் தெரிந்தது. உள்ளே மண்ணும் புல்லும். எலி கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் துண்டுகள்கூட இருந்தன.

சசிரேகாவுக்கு அந்தக் குழாயைத் தெரியும்.

மேல்பக்கத் தேயிலைச் சரிவுக்கு அடியில் ஓர் ஊற்று இருக்கிறது. வெயில் காலத்தில் இருக்கும் இடம் தெரியாது. மேலே ஒரு நல்ல மழை விழுந்தால், ஒரு மணி இரண்டு மணி கழித்து, பார்க்கிங்கின் அடியில் புறப்பட்டு வரும். அதற்காகத்தான் அப்பா இந்த இடத்தைத் தோண்டி, கல் அடுக்கி, தண்ணீரைச் சுவர் வழியாக வெளியே விட இந்தக் குழாயை வைத்தார். ஒரு முனையை அண்ணன் பிடித்தான், மறு முனையை அவள் பிடித்தாள். மலையில் குழாய் காய்ந்து கிடக்கிறது என்றால் தண்ணீர் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். மலையில் தரை வேலை செய்து பழகியவர்களுக்கு இது தெரியும். கீழே சமதரையில் காய்ந்த குழாய் என்றால் செத்த குழாய்.

ஜீவிதா குனிந்து உள்ளே டார்ச் அடித்தாள். விரலை விட்டாள். பொடி மண் ஒட்டியது.

"பொட்டு ஈரமில்லையே," என்றாள். பிறகு நிமிர்ந்து, நேராகச் சசிரேகாவைப் பார்த்தாள். "ஏனுங்க அக்கா, இது பழைய குழாய், சும்மாதான கெடக்குது? அடைச்சறலாமுங்களா?"

கேட்டுவிட்டாள். இதைவிடப் பணிவாக யாரும் கேட்க முடியாது. 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்த ஒரு வார்த்தை சசிரேகாவின் வாய்வரை வந்தது. வந்ததுமே முட்டை இல்லாத டப்பாவும், கழற்றிவிட்ட சங்கிலியும், வெறும் ஆணியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அதை உள்ளே தள்ளிவிட்டன. ஒரு தடவை தோற்கட்டுமே என்று தோன்றியது. ஒட்டுப்போட்ட தார் உப்பி எழும்பட்டும், பிராங்ளின் முகம் சுளிக்கட்டும், அண்ணன் வந்து பார்க்கட்டும். அவ்வளவுதான் அவள் நினைத்தாள். அதற்கு மேல் எதையும் நினைக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியாததுங்களா அண்ணி?" என்றாள் சிரித்துக்கொண்டே.

ஜீவிதா ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு வேலையாள் முனியசாமியிடம் திரும்பினாள். "அடைச்சருங்கண்ணா. சீக்கிரம் எறுகற சிமெண்டுல பூசிவிட்டருங்க."

முனியசாமி ஓவேலி எஸ்டேட்டிலிருந்து போன மாதம்தான் இந்த வேலைக்கு வந்தவர். இந்த இடம் அவருக்குப் புதிது. கரண்டியை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் குழாய் இருந்த இடம் தெரியவில்லை.

மத்தியானம் வேனுக்குப் பின்னால் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். ஜீவிதா முட்டையைப் பார்த்தாள், சசிரேகாவின் டப்பாவைப் பார்த்தாள். சட்டென்று முட்டையை எடுத்து நீட்டினாள்.

"நீங்க சாப்பிடுங்கக்கா. எனக்கு ஆகாது."

"உங்களுக்குன்னு வெச்சது. நீங்களே சாப்பிடுங்க."

"அத்தைக்குத் தெரியாது. முட்ட வாசமே ஆக மாட்டீங்குது இப்ப."

சசிரேகா மாட்டேன் என்று தலையாட்டினாள். விட்டுக்கொடுக்கிறாளாம். இதிலும் பெரிய மனுஷி இவள்தான் ஆக வேண்டுமா? முட்டை யாரும் தொடாமல் டப்பாவிலேயே கிடந்தது.

சாப்பிட்டுக் கை கழுவும்போது மழை பிடித்தது. தேயிலைச் சரிவின் உச்சியில் முதலில் இருட்டியது, பிறகு இலைகளில் சடசடவென்று சத்தம் இறங்கி வந்தது. கொட்டித் தீர்த்துவிட்டு, தூறலாக மெலிந்து, பனிமூட்டத்தை விட்டுவிட்டுப் போனது. ஜீவிதா ஒட்டுப்போட்ட இடங்களை எல்லாம் தார்ப்பாயால் மூடி, மழை விட்டதும் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். எல்லாம் கருகருவென்று நன்றாக இருந்தன.

பிராங்ளின் குடையோடு வந்து பார்த்துவிட்டு, "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். "முன்னெல்லாம் வந்து போட்டுட்டுப் போனா ஒரு மழைக்குத் தாங்காது. இன்னிக்குத்தான் வேலை மாதிரி வேலை."

முன்னெல்லாம் வந்து போட்டவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாம் சசி அக்காகிட்டக் கேட்டுத்தான் சார் செஞ்சோம்," என்றாள் ஜீவிதா.

சசிரேகா நகர்ந்து வேனின் பக்கம் போய்விட்டாள். அங்கிருந்துதான் கீழ்மூலை தெரிந்தது. கறுப்புச் சதுரத்தின் ஓரம் முழுக்க, வெட்டிய கோட்டோடு, முத்து முத்தாகத் தண்ணீர் கசிந்தது. அது மழைத்தண்ணீர் அல்ல. மழைத்தண்ணீர் மேலிருந்து விழும். இது அடியிலிருந்து வந்தது.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன பிரயோஜனம்? உள்ளே ஒரு சின்னக் குழந்தை கைதட்டியது போல, சந்தோஷமாகவே இருந்தது.

அப்போது ஹாரன் சத்தம் கேட்டது.

முதல் பஸ் மூட்டத்திலிருந்து மூக்கை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தது. ஜன்னல்களில் பட்டுப் புடவைகள், தட்டுகளோடு பெண்கள், எட்டிப் பார்க்கும் பிள்ளைகள். வளைத்துத் திருப்பி, பின்பக்கமாகக் கீழ்மூலையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஜீவிதா விசில் ஊதிக்கொண்டே பின்னால் ஓடினாள். பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில், தான் போட்ட அந்தக் கறுப்புச் சதுரத்தின் மேலேயே நின்று இரண்டு கைகளாலும் அழைத்தாள்.

"வரட்டும், வரட்டும்!"

சுவருக்குக் கீழே நாற்காலிகளில் ஏற்கனவே சிலர் உட்கார்ந்திருந்தார்கள்.

சசிரேகா ஒட்டுப்போட்ட தாரைத்தான் நினைத்திருந்தாள். பஸ்ஸை நினைக்கவில்லை. வெளியேற வழியில்லாத தண்ணீர் முழுவதும் அந்தச் சுவரின் முதுகில் சாய்ந்து நிற்கும் என்பதையும், அதன் மேல் இத்தனை பேர் எடை ஏறும் என்பதையும் நினைக்கவில்லை. நினைத்தபோது அவள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க! அண்ணே, நிறுத்துங்க! அண்ணி, அக்கட்டால போங்க!"

டிரைவர் பிரேக்கை மிதிப்பதற்குள் பின்சக்கரம் சதுரத்தில் ஏறிவிட்டது. ஒட்டுப்போட்ட தார் விரித்த பாய் மாதிரி நடுங்கி, ஒரு பக்கம் உள்வாங்கியது. ஓரத்திலிருந்து சேற்றுத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பஸ் ஒரு முழம் பின்னால் சரிந்தது. சசிரேகா ஜீவிதாவின் புது மேலங்கியைக் கழுத்தோடு பிடித்து இழுத்தாள். இருவரும் சேர்ந்து சேற்றில் விழுந்தார்கள். பஸ்ஸுக்குள் தட்டுகள் உருண்டன, யாரோ முருகா என்று கத்தினார்கள். டிரைவர் நல்ல ஆள். உறுமி உறுமிப் பஸ்ஸை முன்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சசிரேகா எழுந்து, வேனில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு படியில் பாய்ந்தாள்.

"எந்திரிங்க எல்லாரும்! சேரையெல்லாம் விட்டுப்போட்டுத் தள்ளிப் போங்க!"

புதுப்பூச்சு தெரிந்த இடத்தில் கடப்பாரையால் இடித்தாள். இன்னொரு முறை. இன்னொரு முறை. முனியசாமி பின்னாலேயே ஓடிவந்து சம்மட்டியைப் போட்டார். சிமெண்டு பிளந்து விழ, மண்ணும் புல்லும் பிளாஸ்டிக்கும் கக்கிக்கொண்டு தண்ணீர் குனிந்திருந்த அவள் நெஞ்சில் வந்து மோதியது. பழுப்பாக வந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, புல்வெளியில் ஓடியது. சுவர் நின்றது.

நிமிர்ந்து பார்த்தாள். படியின் மேல் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். கையில் ஹெல்மெட். அவனுக்குப் பக்கத்தில் தலைமுதல் கால்வரை சேறாக ஜீவிதா.

பாண்டியராஜ் மெதுவாக இறங்கி வந்தான். உடைந்த பூச்சைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான். எதையும் யாரும் விளக்கத் தேவையில்லை. இந்தக் குழாயின் இன்னொரு முனையைப் பிடித்தவன் அவன்.

"யாரு அடைச்சது?"

"நாந்தானுங்கண்ணா," என்றார் முனியசாமி. "அம்மிணி சொன்னாங்க, அடைச்சேன்."

அண்ணன், மனைவியைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தான்.

"அடைக்கறப்ப நீ எங்க இருந்த?"

"இங்கதான்."

"அப்பா வெச்ச குழாய்டி இது. உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நீ சொல்லலியா?"

சொன்னேன் என்று பொய் சொல்லச் சசிரேகாவுக்கு வாய் வரவில்லை. சொல்லவில்லை என்று உண்மையைச் சொன்னால், பத்து வருடம் அந்த ஒரு சொல்லில் போய்விடும். அண்ணன் கண்ணில் அது போவதைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

"சொன்னாங்க."

ஜீவிதாவின் குரல். சேற்றை முழங்கையால் துடைத்துக்கொண்டே படியிறங்கி வந்தாள்.

"அக்கா வேண்டாம்னுதான் சொன்னாங்க. நாந்தான் காஞ்ச குழாய்தானன்னு அடைக்கச் சொல்லிப்போட்டேன். என் தப்புங்க."

முனியசாமி நிமிர்ந்தார். வாய் திறந்தது. ஜீவிதாவைப் பார்த்தார், சசிரேகாவைப் பார்த்தார், பிறகு குனிந்து சம்மட்டியைத் துடைக்கத் தொடங்கினார்.

பாண்டியராஜ் அத்தனை பேர் முன்னிலையிலும் வெடித்தான். "பத்து வருஷமா இந்த மலையில வேல பாக்கறவ வேண்டாம்னு சொல்றா. நீ வந்து ஒரு வருஷம் ஆகல, உனக்கு அவ்ளோ திமிரா? பஸ்ஸு கவுந்திருந்தா? கீழ உக்காந்திருந்தவங்க கெதி? குடு சாவிய!"

ஜீவிதா சாவியை எடுத்துக் கொடுத்தாள். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. அவன் அதை வாங்கித் தங்கையின் ஈரக்கையில் வைத்து மூடினான். "தப்பு எம்மேலதான் சசி. உன்னைய விட்டுப்போட்டு…" என்றவன் கலங்கிய கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

பிராங்ளின் குடையை மடக்கிக்கொண்டு அருகில் வந்தார். "இனிமே குழியக்கா நின்னாத்தான் எங்க இடத்துல வேலை. நாளைக்கே அந்த மூலையப் பிரிச்சு நீங்களே போட்டுக் குடுத்துடுங்க. மூணு ஹோட்டலும் உங்க பேர்லதான்."

காலையில் அவள் விரும்பிய எல்லாமே வந்துவிட்டன. சாவி, வேலை, பேர், அண்ணனின் கலங்கிய கண். கேட்காததுகூட வந்தது. ஜீவிதா எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினாள். ஆனால் அதில் ஒன்றையாவது சசிரேகாவால் தன்னுடையது என்று தொட முடியவில்லை. அத்தனையும் அந்தச் சின்னவள் ஒரே ஒரு பொய்யில் எடுத்துக் கொடுத்தவை. நன்றி வர வேண்டிய இடத்தில், காலையில் இருந்ததைவிடப் பெரிய எரிச்சல் எழுந்தது. வேலையில்தான் இவள் தன்னை மிஞ்சினாள் என்று நினைத்தால், மனசிலும் மிஞ்சிவிட்டாளே! அதை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை.

வீடு திரும்பும்போது பாண்டியராஜ் பைக்கில் முன்னால் போனான். வேலையாட்களை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டபின் வேனில் இருவர்தான். சசிரேகா ஓட்டினாள். கண்ணாடியில் மூட்டம் வந்து அப்பியது. வைப்பரைப் போட்டாள்.

அருவங்காட்டு ஏற்றம் தொடங்கும் இடத்தில் சசிரேகாவால் தாங்க முடியவில்லை.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

ஜீவிதா மடியில் இருந்த டப்பாவைத் திறந்து மூடினாள். முட்டை உள்ளேயே இருந்தது.

"நீங்க சிரிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சுதுங்கக்கா, எதையோ மறைக்கறீங்கன்னு. இன்னொரு தடவ கேட்டிருக்கோணும். கேக்கறதுக்கு ரோசம் விடல. அதனால தப்பு எம்மேலயும் இருக்குது."

"அதுக்காகவா பொய் சொன்னீங்க?"

"இல்லீங்க." அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்கமேல பாவப்பட்டுச் சொன்னேன்னு நெனச்சறாதீங்க. உங்க அண்ணனுக்கு நான் இன்னும் சொல்லாத சமாச்சாரம் ஒண்ணு இருக்குது. என்னிக்காச்சும் அது வெளிய வரும். அன்னிக்கு அவங்க உங்ககிட்டத்தான் வந்து கேப்பாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க." டப்பாவை இறுக்கி மூடினாள். "அன்னிக்கு நீங்க எனக்காக ஒரு பொய் சொல்லோணும்."

சசிரேகாவின் கால் கிளட்ச்சிலிருந்து நழுவியது. வண்டி ஏற்றத்தின் நடுவே ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது. பத்து வருடத்தில் முதல் தடவை. சாவியைத் திருகினாள். இன்ஜின் இருமிவிட்டு அடங்கியது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. வேன் மெல்லப் பின்னுக்கு உருளத் தொடங்கியது.

ஜீவிதாதான் கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.